டர்பனில் யூனிட் மேனேஜர் வேலை: கழிப்பறையில் தொடங்கி கையெழுத்தில் முடிவது

சென்னையிலிருந்து ஒரு குழு பாட்டு எடுக்க டர்பனுக்கு வந்து இறங்கினால், முதல் குழப்பம் வார்த்தையிலேயே வந்துவிடும். அவர்களுக்கு யூனிட் என்றால் மொத்தப் படக்குழு, இல்லாவிட்டால் வாடகைக்கு வருகிற கேமராவும் லைட்டும் அதோடு வரும் ஆட்களும். இங்கே தென்னாப்பிரிக்காவில் யூனிட் என்பது ஒரு தனி இலாகா. கூடாரம், மேசை நாற்காலி, கழிப்பறை, தண்ணீர், குப்பை, பார்க்கிங், வழிகாட்டும் அம்புக்குறிப் பலகை எல்லாம் அதற்குள் வரும். கால்ஷீட்டும் அப்படித்தான். அங்கே அது நடிகர் ஒதுக்கிக் கொடுத்த தேதி, இங்கே நாளைக்கு யார் எத்தனை மணிக்கு எங்கே வர வேண்டும் என்று முந்தின நாள் மாலை எல்லோருக்கும் போகிற தாள். "இன்னும் கால்ஷீட் வரவில்லை" என்று நான் சாதாரணமாகச் சொன்னதைக் கேட்டு ஒரு சென்னை மேனேஜர், கதாநாயகி கையை விரித்துவிட்டார் என்று நினைத்து அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

டர்பனில் நம் ஆட்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பிள்ளைகள் "அங்கிள், சினிமாவுக்குள் எப்படி நுழைவது" என்று எனக்குச் செய்தி அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து குழுவோடு வரப்போகிற மேனேஜர்களும் கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

வேலை என்ன? லொகேஷன் மேனேஜர் இடத்தைப் பேசி வாங்கித் தருவார். அந்த இடத்தில் விடிவதற்கு முன்னால் ஒரு சின்ன ஊரைக் கட்டி, நூறு பேரை அதில் பகல் முழுக்க வாழவைத்து, இரவில் அந்த ஊரைப் பிரித்து மூட்டை கட்டுவது யூனிட் மேனேஜர். சென்னையில் புரொடக்‌ஷன் மேனேஜரும் புரொடக்‌ஷன் பையன்களும் ஆளுக்குக் கொஞ்சமாகச் செய்வதை இங்கே ஒரே ஆள் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். சின்ன விளம்பரப் படமென்றால் லொகேஷன் மேனேஜரும் நீங்களேதான். அதற்கு இரண்டு சம்பளம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இத்தனை வருடத்தில் கேமரா கெட்டுப்போய் படப்பிடிப்பு நின்றதை நான் பார்த்தது குறைவு. கழிப்பறை தூரமாக இருந்ததால், சாப்பாடு தாமதமானதால், லாரி திரும்ப முடியாததால், பக்கத்து வீட்டுக்காரர் கோபப்பட்டதால் நின்றதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இந்த நான்கையும் பார்த்துக்கொள்ளத்தான் யூனிட் மேனேஜரை வைக்கிறார்கள்.

ரெக்கியில், அதாவது படப்பிடிப்புக்கு முன்னால் இடத்தைப் போய்ப் பார்ப்பதில், ஆரம்பிப்போம். இயக்குநர், ஒளிப்பதிவாளர், கலை இயக்குநர் எல்லோரும் ஒரு பக்கம் பார்த்து "அழகு, அழகு" என்பார்கள். நீங்கள் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நில்லுங்கள். கேமரா பார்க்காத பக்கம்தான் உங்களுடையது. பெரிய லாரி உள்ளே வந்து திரும்ப இடம் இருக்கிறதா, இல்லை ரிவர்ஸிலேயே சாலை வரை போக வேண்டுமா? வாசல் அகலம் எவ்வளவு? (அளவு நாடா இல்லாமல் ரெக்கிக்குப் போகிற யூனிட் மேனேஜரை நான் நம்புவதில்லை.) தரை மழைக்குத் தாங்குமா? மரக்கிளை எவ்வளவு தாழ்வாகத் தொங்குகிறது? கிளையை வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் முதலில் அது என்ன மரம் என்று பாருங்கள். நம் கரையோரத்தில் நிறைய இருக்கும் மில்க்வுட் மரம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, அனுமதி இல்லாமல் ஒரு கிளையைத் தொட்டாலும் குற்றம். தண்ணீர்க் குழாய், ஃபோன் சிக்னல், பக்கத்தில் இரவும் பகலும் திறந்திருக்கும் மருத்துவமனை, இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கால்ஷீட்டில் மருத்துவமனை முகவரியும் ஆம்புலன்ஸ் எண் 10177ம் கைப்பேசியிலிருந்து அழைக்கும் 112ம் கட்டாயம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் பதற்றத்தில் 108ஐத்தான் அழுத்துவார்.

இன்னொன்று, அதே இடத்தை எந்த நேரத்தில் படமெடுக்கப் போகிறார்களோ அந்த நேரத்தில் இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். செவ்வாய் காலை பத்து மணிக்கு அமைதியாக இருந்த தெரு வெள்ளி பிற்பகலில் பள்ளிவாசல் தொழுகைக்கு வந்த கார்களால் நிரம்பியிருக்கும். ஆடி மாதத்தில் மாரியம்மன் கஞ்சி என்று வாரக் கடைசியில் கோயிலுக்குக் கோயில் மேளம் கேட்கும், ஒலிப்பதிவாளர் தலையில் கை வைப்பார். பெரிய வெள்ளி நாளில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் பக்கமாக யூனிட்டை நகர்த்த நினைத்தீர்கள் என்றால், நம் ஆட்கள் திருவிழாவுக்கு வந்து சாலையை எப்படி நிரப்புவார்கள் என்று உங்களுக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். காலண்டரை நான் மூன்றாக வைத்திருக்கிறேன்: ஆங்கிலக் காலண்டர், பள்ளி விடுமுறைக் காலண்டர், கோயில் கொடுத்த தமிழ்க் காலண்டர்.

அக்கம்பக்கம். இதில்தான் நான் வாழ்க்கையில் மறக்க முடியாத தப்பைச் செய்தேன். சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டில் தொலைக்காட்சித் தொடருக்குப் படப்பிடிப்பு. தெரு முழுக்கக் கடிதம் கொடுத்தாகிவிட்டது: இந்தத் தேதி, இந்த நேரம், இத்தனை வண்டி, ஏதாவது தொந்தரவென்றால் என் எண் இது. நான்காவது வீட்டில் யாரும் கதவைத் திறக்கவில்லை, கடிதத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்துவிட்டேன். படப்பிடிப்பு அன்று அந்த வீட்டு வாசலை அடைத்து ஜெனரேட்டர் லாரியை நிறுத்தியிருக்கிறோம். எட்டு மணிக்கு வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் வந்து, சத்தம் போடாமல், மிக அமைதியாகச் சொன்னார்: "தம்பி, எங்கள் வீட்டில் இன்று பதினாறாம் நாள்." அன்று முழுக்க உறவினர்கள் வருவார்கள், ஐயர் வருவார், வாசலில் எங்கள் டீசல் புகை. லாரியை நகர்த்தி, கேபிளைப் பிரித்து, மறுபடி இழுத்து, இரண்டரை மணி நேரம் போயிற்று. தயாரிப்பாளர் என்னிடம் எதுவும் பேசவில்லை, அதுதான் இன்னும் மோசம். அன்றிலிருந்து கடிதம் கொடுப்பதை நான் வேலையாகக் கணக்கில் எடுப்பதில்லை. கதவைத் தட்டி, ஆளைப் பார்த்து, "அந்த நாளில் உங்கள் வீட்டில் ஏதாவது விசேஷம் உண்டா ஆன்ட்டி" என்று கேட்பதுதான் வேலை. ஆள் இல்லையா, மாலையில் மறுபடி போங்கள்.

தமிழ் பேசும் தெருவில் தமிழில், மற்ற இடத்தில் ஆங்கிலத்தில், ஆனால் ஜூலு பேசுகிறவரைப் பார்த்தால் முதலில் "சனிபோனானி" என்று வணக்கம் சொல்லிவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வாருங்கள். வணக்கம் சொல்லாமல் விஷயத்தைத் தொடங்குவது இங்கே மரியாதைக் குறைவு. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நான் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவேன்.

தெருவில் மினுங்கும் மேல்சட்டை போட்டுக்கொண்டு கார்களைப் பார்த்துக்கொள்ளும் கார் கார்டு இருப்பாரே, அவரை விரட்டாதீர்கள். நீங்கள் அந்தத் தெருவை நாள் முழுக்க எடுத்துக்கொண்டால் அவருடைய அன்றைய வருமானம் போயிற்று. அவரையே அன்றைக்குக் கூலிக்கு அமர்த்துங்கள். எந்தக் கார் யாருடையது, எந்த வீட்டு நாய் குரைக்கும், யார் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புவார் என்று உங்கள் செக்யூரிட்டி கம்பெனியைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அனுமதிக் காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாக. டர்பனில் பொது இடமென்றால் எத்தேக்வினி மாநகராட்சியின் டர்பன் ஃபிலிம் ஆபீஸ், கேப் டவுனில் அந்த நகரத்தின் ஃபிலிம் பெர்மிட் ஆபீஸ். சாலையை நிறுத்தி வைக்க வேண்டுமென்றால் மெட்ரோ போலீஸ், அதற்குத் தனிக் கட்டணம். டிராக்கன்ஸ்பர்க் மலை போன்ற காப்பகங்களுக்கு மாகாண வனவிலங்குத் துறையான எசெம்வேலோ. குவாசூலு-நாட்டாலின் கிராமப்புறத்தில் பெரிய அளவு நிலம் ஜூலு மன்னர் அறங்காவலராக இருக்கும் இங்கொன்யாமா டிரஸ்ட்டின் கீழ் இருக்கிறது, அங்கே காகிதம் எதுவாக இருந்தாலும் முதலில் ஊர்த் தலைவரான இந்துனாவைப் போய்ப் பார்த்துப் பேசாமல் ஒரு கூடாரக் கம்பியைக்கூட நடாதீர்கள். துப்பாக்கிச் சத்தம் வரும் காட்சியென்றால் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும், இந்த ஊரில் அந்தச் சத்தத்தை யாரும் பட்டாசு என்று நினைப்பதில்லை. டிரோனை சூட்கேஸில் போட்டுக்கொண்டு வரும் உதவி ஒளிப்பதிவாளரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். தொழிலுக்காக டிரோன் பறக்கவிட விமானப் போக்குவரத்து ஆணையத்தின் உரிமம் உள்ள நிறுவனம்தான் வேண்டும், பையில் இருந்து எடுத்துப் பறக்கவிட முடியாது.

கடற்கரைக்குத் தனியாக ஒரு பத்தி. உம்ஷ்லாங்காவில் சிவப்பு வெள்ளை கலங்கரை விளக்கத்தைப் பார்த்ததும் எல்லா இயக்குநரும் அங்கே ஒரு சரணம் வேண்டும் என்பார்கள். கடற்கரை மணலில் வண்டி ஓட்டுவது இந்த நாட்டில் 2002 முதல் தடை, தனி அனுமதி இல்லாமல் ஒரு பக்கியைக்கூட இறக்க முடியாது. (பிக்கப் லாரிக்கு இங்கே பக்கி என்று பெயர். "உங்கள் பக்கி பின்னால் வருகிறது" என்று சென்னைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.) ஆகவே எல்லாவற்றையும் ஆட்கள்தான் சுமக்க வேண்டும். எத்தனை படி, எத்தனை மீட்டர் மணல் என்று எண்ணி அதற்குத் தகுந்தபடி கூடுதல் கைகளைக் கேளுங்கள். அலை ஏறும் நேரம் பார்த்துத்தான் கூடாரத்தை எங்கே போடுவது என்று முடிவு செய்ய வேண்டும். காலை ஐந்து மணிக்குக் காய்ந்திருந்த மணல் பதினொரு மணிக்குக் கடலாகிவிடும்.

சரி, பேஸ் கேம்ப், அதாவது லாரிகளும் கூடாரங்களும் நிற்கும் முகாம். வரைபடம் இல்லாமல் எதையும் இறக்காதீர்கள். கையால் வரைந்ததே போதும், ஆனால் எந்த லாரி எங்கே என்று இருக்க வேண்டும். கடைசியில் கிளம்புவது முதலில் உள்ளே போக வேண்டும், சீக்கிரம் கிளம்புவது வாசல் பக்கம் நிற்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் நடிகையின் கார் வெளியே போக கேட்டரிங் லாரியை நகர்த்த வேண்டியிருக்கும், கேட்டரிங் லாரியில் அப்போது எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கும். மேக்கப் வண்டிக்கு நிழல், உடை மாற்றும் கூடாரத்துக்கு மறைவு, ஜெனரேட்டருக்குத் தூரம், அதுவும் காற்று புகையை முகாமின் மேல் கொண்டுவராத பக்கம். அவசர வண்டி உள்ளே வர ஒரு பாதை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். அதில் "ஐந்து நிமிஷம்தான்" என்று வண்டி நிறுத்துகிறவர் பெரும்பாலும் தயாரிப்பாளராகவே இருப்பார். அவரையும் எடுக்கச் சொல்லுங்கள்.

கழிப்பறையில் நான் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் யாரும் நிற்பதில்லை. என் கணக்கு இருபது பேருக்கு ஒன்று. பெண்களுக்குத் தனியாக, தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று நீங்களே உள்ளே போய்ப் பூட்டிப் பார்த்த பிறகுதான் திறந்துவிட வேண்டும். துணை நடிகர்கள் ஐம்பது பேர் வரும் நாளில் அவர்களுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், அவர்கள் எண்ணிக்கையைச் சேர்க்க எல்லோரும் மறந்துவிடுவார்கள். சரிவில் வைக்காதீர்கள், மென்மையான மண்ணில் வைக்காதீர்கள், சாப்பாட்டுக் கூடாரத்துக்குக் காற்று வரும் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். காகிதம் மட்டும் வைத்தால் நம் ஆட்களுக்குப் போதாது, தண்ணீர் பாட்டில் ஒரு பெட்டி தனியாக வாசலில் இருக்கட்டும். தமிழ்க் குழு வந்த முதல் நாளே இதைச் செய்துவிட்டேன், அவர்கள் கிளம்பும்போது என் லைட்டிங் ஏற்பாட்டையோ வண்டி ஏற்பாட்டையோ யாரும் பாராட்டவில்லை, அந்தத் தண்ணீர் பாட்டிலைத்தான் பாராட்டினார்கள். சுத்தம் செய்யும் பெண்ணுக்கு கால்ஷீட்டில் பெயர் போடுங்கள். அவர் இல்லாத நாள் என்ன ஆகும் என்று ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிடும்.

சாப்பாடு. தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை செய்தால் உணவு இடைவேளை என்பது இங்கே வேலைச் சட்டத்திலேயே இருக்கிறது, "இன்னும் ஒரே ஒரு ஷாட்" என்று அதை இழுக்கும்போது முதல் உதவி இயக்குநரிடம் கடிகாரத்தைக் காட்ட வேண்டியது நீங்கள். டர்பன் குழுவுக்குச் சமைப்பது மற்ற ஊர்க் குழுவுக்குச் சமைப்பது போல இல்லை. ஒரே வரிசையில் ஹலால் மட்டும் சாப்பிடுகிறவர், மாட்டிறைச்சி தொடாதவர், சைவம், முட்டைகூட வேண்டாம் என்கிற சைவம், இறைச்சி இல்லாமல் சாப்பாடே இல்லை என்கிற லைட்மேன், எல்லோரும் நிற்பார்கள். கரண்டி மாறிவிட்டால் போச்சு. அதனால் சைவத்துக்குத் தனி மேசை, தனிக் கரண்டி, அதன் பக்கத்தில் நிற்க ஒரு ஆள். புரட்டாசி வந்தால் கேட்டரிங்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நம் ஆட்கள் பாதிப்பேர் அந்த மாதம் சைவத்துக்கு மாறிவிடுவார்கள். இதை அறியாத ஜோஹனஸ்பர்க் கேட்டரிங்காரர் ஒருவர் நாற்பது பேருக்குக் கோழி செய்து கொண்டுவந்து, இருபத்தைந்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். நேரம் பிந்தி வேலை நீடித்தால் என் அவசர மருந்து பீன்ஸ் பன்னி. ரொட்டிக்குள் அவரைக் குழம்பு, சைவம், தட்டு வேண்டாம், எந்தத் தெருவிலும் கிடைக்கும். சென்னைக்காரர் முதலில் சந்தேகமாகப் பார்ப்பார், இரண்டாம் நாள் அவரே கேட்பார்.

அப்புறம் குரங்கு. சிரிக்காதீர்கள். டர்பனில் மரம் உள்ள எந்த வீட்டிலும் வெர்வெட் குரங்குக் கூட்டம் வரும், காலைச் சாப்பாட்டு மேசையில் வாழைப்பழத்தைத் திறந்து வைத்தால் முதல் பந்தி அவற்றுக்குத்தான். மூடியுள்ள பெட்டி, மேசைக்கு ஒரு காவல், குப்பைப் பைகளை உடனுக்குடன் வண்டிக்குள் போடுவது, வேறு வழியில்லை. கல் எறிய விடாதீர்கள், தெருவில் யாராவது ஒருவர் அதைப் படம் எடுத்து நகரம் முழுக்க அனுப்பிவிடுவார். கேப் டவுனுக்குத் தெற்கே கேப் பாயிண்ட் பக்கம் போனால் பபூன் குரங்கு, அது கார் கதவைத் திறக்கத் தெரிந்தது. வண்டியைப் பூட்டுங்கள்.

மின்சாரம். 2023இல் லோட் ஷெட்டிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு எங்களைப் பாடாய்ப் படுத்தியது. 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரும்பாலும் மூச்சு விட முடிகிறது என்றாலும் தெருவில் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் கோளாறு என்று வெட்டு வந்துகொண்டுதான் இருக்கும், ஆகவே வீட்டு மின்சாரத்தை நம்பி ஒரு கெட்டிலைக்கூட வைக்காதீர்கள். மின்சாரம் போனால் ரோபோட்டும் போகும். பயப்பட வேண்டாம், இங்கே டிராஃபிக் சிக்னலுக்கு ரோபோட் என்று பெயர். வழி சொல்லும் தாளில் "இரண்டாவது ரோபோட்டில் இடப்பக்கம்" என்று போட்டிருந்ததைப் பார்த்து ஒரு கலை இயக்குநர் ஏதோ அறிவியல் படத்தின் செட் என்று நினைத்துக்கொண்டாராம். வோல்டேஜ் தமிழ்நாட்டில் உள்ளதுதான், 230. பிளக் மட்டும் வேறு. அங்கே குளிர்சாதனப் பெட்டிக்குச் செருகும் பெரிய மூன்று முள் பிளக் இருக்கிறதே, அதுதான் இங்கே எல்லாவற்றுக்கும். சின்னப் பிளக்குக்கான அடாப்டர் ஒரு பெட்டி நிறைய வாங்கி வையுங்கள், மேக்கப்காரர்களுக்கு முதலில்.

வெளிச்சமும் வானிலையும். டர்பனில் டிசம்பரில் காலை நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் வந்துவிடும், ஜூனில் ஏழு மணி ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் வரும், மாலை ஐந்துக்கு மேல் வெளிச்சம் இல்லை. இயக்குநருக்கு விடியல் வேண்டுமென்றால் டிசம்பரில் உங்கள் ஆட்கள் இரண்டு மணிக்கு வந்திருக்க வேண்டும், அதாவது முந்தின நாள் சீக்கிரம் விட்டிருக்க வேண்டும். முடித்த நேரத்துக்கும் மறுநாள் தொடங்கும் நேரத்துக்கும் நடுவில் பன்னிரண்டு மணி நேரம் என்கிற விதியை நடிகர்களுக்குப் பார்ப்பார்கள், கேமராவுக்குப் பார்ப்பார்கள், முதலில் வந்து கடைசியில் போகிற யூனிட் பையன்களுக்குப் பார்க்க மறந்துவிடுவார்கள். அவர்கள்தான் அரைத் தூக்கத்தில் லாரி ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள். உங்கள் குழுவை இரண்டாகப் பிரித்து ஒரு பாதி கட்டவும் மறு பாதி பிரிக்கவும் வையுங்கள். பட்ஜெட்டில் இதற்குச் சண்டை போடுங்கள், வேறு எதற்கும் போடாவிட்டாலும்.

குளிர்காலக் காலையில் மலைப் பக்கமிருந்து காய்ந்த சூடான காற்று அடித்தால், ஆகா என்ன நாள் என்று எல்லோரும் சட்டையைக் கழற்றுவார்கள். நீங்கள் அப்போதே கூடாரங்களுக்கு எடை கட்டுங்கள், பிற்பகலில் தென்மேற்குக் காற்று திடீரென்று திரும்பி அடிக்கும். கேப் டவுனில் கோடையின் தென்கிழக்குக் காற்றைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், அங்கே பறக்கும் கூடாரம் நிற்கும் கூடாரத்தைவிட அதிகம். டர்பனில் கோடைப் பிற்பகல் என்றால் இடியும் மழையும். டிராக்கன்ஸ்பர்க்கில் மின்னல் வந்தால் இரும்புக் கம்பிக் கூடாரத்துக்குள் ஒதுங்க விடாதீர்கள், எல்லோரையும் வண்டிக்குள் ஏற்றுங்கள். 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் பனி விழுந்து, டர்பனையும் ஜோஹனஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலையையே மூட வேண்டியதாயிற்று, வண்டிகள் இரவு முழுக்க அங்கேயே நின்றன. வசந்த காலம்தானே என்று யாரும் போர்வை எடுத்துப் போயிருக்க மாட்டார்கள். மலைப் பக்கம் போகும் ஒவ்வொரு வண்டியிலும் தண்ணீர், போர்வை, பிஸ்கட் போட்டு அனுப்புவது என் வழக்கம். டிரைவர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

கைக்காசு. சென்னையில் பேட்டா பையைத் தூக்கிக்கொண்டு அலைந்த அனுபவம் இங்கே பாதிதான் உதவும், ஏனென்றால் கணக்காளர் ஸ்லிப் இல்லாமல் ஒரு ரேண்டைக்கூட ஏற்கமாட்டார். வாட் வரி 15 சதவீதம், அதைத் திரும்பக் கேட்க வேண்டுமென்றால் 50 ரேண்டுக்கு மேல் போனாலே முறையான வரி ரசீது வேண்டும், 5,000 ரேண்டைத் தாண்டினால் அதில் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரும் முகவரியும் வாட் எண்ணும் இருக்க வேண்டும். கடையை விட்டு வெளியே வந்த பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை. வெப்பத்தில் அச்சாகும் ஸ்லிப்பை வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தால் ஒரு வாரத்தில் வெள்ளைக் காகிதமாகிவிடும், வாங்கிய உடனே படம் எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் இரவு கணக்கு எழுதுங்கள். வாரக் கடைசியில் எழுதலாம் என்று விட்டவர்கள் சொந்தக் காசைப் போட்டு முடித்ததை நான் பார்த்திருக்கிறேன், அதில் ஒருவர் நான்.

பூஜையைப் பற்றி யாரும் கையேட்டில் எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். தமிழ்க் குழு முதல் ஷாட்டுக்கு முன் கற்பூரம் காட்டும், கடைசி நாள் பூசணிக்காய் உடைக்கும். ஹோட்டல் வரவேற்பறையிலோ மாலிலோ கற்பூரம் ஏற்றினால் புகை எச்சரிக்கை மணி அடித்து மொத்தக் கட்டடமும் வெளியே வந்து நிற்கும். ஆகவே பூஜையை வெளியே, தட்டில், பக்கத்தில் தீயணைப்புக் கருவியோடு வையுங்கள், கட்டட மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பெரும்பாலும் அவரும் வந்து நின்று விபூதி வாங்கிக்கொள்வார். பூசணிக்காயை பொதுச் சாலையில் உடைக்காதீர்கள், பைக் ஓட்டி வருகிறவர் வழுக்கி விழுவார். ஒரு பிளாஸ்டிக் விரிப்பின் மேல் உடைத்து, அப்படியே சுருட்டிக் குப்பைப் பையில் போட்டுவிட்டால் திருஷ்டியும் போகும், மாநகராட்சிக்கும் வேலை இல்லை.

இந்த வேலைக்கு எப்படி நுழைவது என்று கேட்டவர்களுக்கு: யூனிட் உதவியாளராக. நாற்காலி அடுக்கி, ஐஸ் வாங்கி, குப்பைப் பை மாற்றி. அதற்குப் படிப்பு கேட்கமாட்டார்கள், ஓட்டுநர் உரிமம் கேட்பார்கள். ஆட்களை ஏற்றிச் செல்லும் மினிபஸ்ஸோ பெரிய லாரியோ ஓட்ட வேண்டுமென்றால் பிஆர்டிபி என்கிற தொழில்முறை ஓட்டுநர் அனுமதியும் சேர்ந்து இருந்தால் உங்கள் பெயர் பட்டியலில் மேலே வரும். முதலுதவிச் சான்றிதழ் ஒன்று எடுத்துவிடுங்கள். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பயிற்சி பெற்ற முதலுதவியாளர் இருக்க வேண்டும் என்பது இங்கே விதி, ஆகவே அது வெறும் அலங்காரம் இல்லை. நடிகரோடு செல்ஃபி எடுப்பதை முதல் மாதத்தில் செய்யாதீர்கள். இரண்டாவது மாதத்திலும்.

இனி பேக்கப். இங்கே அதை ராப் என்பார்கள். எல்லோரும் கைதட்டிக் கட்டிப்பிடித்துக்கொள்ளும் நேரத்தில்தான் உங்கள் இரண்டாவது நாள் தொடங்குகிறது. இடத்தை வாங்கிக்கொண்ட அன்று ஒவ்வொரு சுவரையும், தரையையும், கதவையும், ஏற்கெனவே இருந்த கீறலையும் படம் எடுத்து வைத்திருப்பீர்கள் (எடுத்திருக்க வேண்டும்), அதே கோணத்தில் மறுபடி எடுங்கள். சுவரில் ஒட்டிய டேப்பை மெதுவாக உரியுங்கள், பெயின்ட்டோடு வரும். அம்புக்குறிப் பலகைகளை எண்ணிக்கை பார்த்து எடுங்கள். நெடுஞ்சாலைக் கம்பத்தில் ஒன்றை மறந்துவிட்டதால், அடுத்த வாரம் வேறொரு குழுவின் ஐஸ் லாரி எங்கள் பழைய லொகேஷனுக்குப் போய், அந்த வீட்டு ஆன்ட்டி எனக்கு அழைத்து, "இவ்வளவு ஐஸை நான் எங்கே வைப்பது" என்று கேட்டார்.

இரவில் எவ்வளவு சுத்தம் செய்தாலும் மறுநாள் காலை வெளிச்சத்தில் ஒருமுறை தனியாகப் போங்கள். புல்லுக்குள் கேபிள் டை, சிகரெட் துண்டு, ஒரு காதணி, யாரோ விட்டுப்போன வாக்கி டாக்கி, ஏதாவது ஒன்று இருக்கும். பிறகு வீட்டுக்காரரோடு அறை அறையாக நடந்து, இடத்தை இருந்தபடியே திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்கிற தாளில் கையெழுத்து வாங்குங்கள். சாவி உங்கள் கையில் இருக்கும்போதே வாங்குங்கள். சாவியைக் கொடுத்துவிட்டுக் கேட்டால், எத்தனை நல்ல மனிதராக இருந்தாலும், குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் புதிதாக ஒரு கீறலைக் கண்டுபிடித்துவிடுவார்.